நாற்காலிச் சட்டம்

வாண்டா மாவுத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு மூலை திரும்பியபோது கடை வாசல் வெறிச்சென்று கிடந்தது. முந்தின நாள் சாயங்காலம் அவள் கிளம்பும்போது அந்த நடைபாதை முழுக்க மடக்கு நாற்காலிகள். பச்சை நாடா பின்னியது, துணி போட்டது, கைப்பிடியில் குவளைக்குப் பள்ளம் வைத்தது, யாரோ ஒரு பிள்ளையின் தவளை முகம் போட்ட குட்டி நாற்காலி. உட்கார ஆள் ஒருவரும் இல்லை. எல்லாம் தெருவைப் பார்த்தபடி, கயிற்றால் பிணைக்கப்பட்டு நின்றன. வெள்ளிக்கிழமை ஜூலை நான்கு, அமெரிக்கச் சுதந்திர தினம். சிகாகோவை ஒட்டிய ஹாலம் கிரோவில் ஊர்வலம் வந்து திரும்புகிற மூலை இதுதான். பக்கத்துக் காப்பிக்கடைப் பெண் சொல்லித்தான் வாண்டாவுக்கே தெரியும். புதன்கிழமை நாற்காலி போட்டால் வெள்ளிக்கிழமை வந்து உட்காரலாம், நடுவில் ஒரு பயல் தொடமாட்டான்.

ஒரு பயல் தொட்டிருந்தான். அவள் புருஷன்தான்.

கேசி பக்கத்துச் சந்திலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். காலை ஏழு மணிக்கே காற்று ஈரத்துணி மாதிரி உடம்பில் ஒட்டியது. அவன் சட்டை முதுகில் நனைந்திருந்தது. முகத்தில் மட்டும் நல்ல காரியம் ஒன்றை முடித்துவிட்ட நிறைவு.

"நாற்காலி எல்லாம் எங்க கேசி?"

"சந்துல. குப்பைத் தொட்டி பக்கத்துல அடுக்கிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"பாதிய எடுத்துட்டு பாதிய விட்டா நல்லாவா இருக்கும்?"

"ஏன் எடுத்த?"

"பத்து மணிக்குத் தீயணைப்பு ஆபீசர் வரார். கதவைத் திறந்ததும் கால் தடுக்கி விழற மாதிரி இருந்தா கையெழுத்துப் போடுவாரா?"

"கதவுக்கு நேரா இருக்கறத மட்டும் நகத்தியிருக்கலாமே. அது ஊர்வலத்துக்கு இடம் பிடிச்சு வச்சது."

"தெரியும்."

வாண்டா தட்டுகளைச் சன்னல் விளிம்பில் வைத்தாள். "தெரிஞ்சேதான் எடுத்தியா?"

"இடம் பிடிக்கற நாற்காலியப் பாத்தா எனக்குத் தெரியாதா? ஆர்ச்சர் அவென்யூல பொறந்தவன் நான். நாற்காலிக்கு ஒரு சட்டம் இருக்கு வாண்டா. பனி இல்லாம நாற்காலி இல்ல."

அந்தச் சட்டம் அவளுக்கும் தெரியும், அவளும் அந்தத் தெருக்காரிதான். சிகாகோவின் அந்தப் பக்கத்தில் பனி இடுப்பளவு கொட்டினால், வண்டி நிறுத்துகிற இடத்தை மாங்கு மாங்கென்று வாரி எடுத்தவன் அதில் உடைந்த நாற்காலி ஒன்றைப் போட்டுவிட்டு வேலைக்குப் போவான். ராத்திரி திரும்பும்வரை அந்த இடம் அவனுடையது. பாதிரியார் வந்தாலும் அங்கே வண்டியை நிறுத்தமாட்டார். மீறி நிறுத்தினவன் வண்டி மறுநாள் சக்கரத்தில் காற்றில்லாமல் உட்கார்ந்திருக்கும். ஆனால் பனி உருகிவிட்டால் நாற்காலியும் வெறும் கட்டைதான். அதைத் தூக்கிப் போடுவதில் யாருக்கும் வருத்தம் கிடையாது.

"முதுகொடிய வாரினவனுக்குத்தான் இடம்," என்றான் கேசி. "இவங்க எதை வாரினாங்க? சாப்பிட்டு முடிச்சு, நாய் கூட நடந்து வந்து நாற்காலியப் போட்டுட்டுப் போனாங்க. ஆள் இல்லாத நாற்காலிக்கு என்ன மரியாதை?"

"திங்கக்கிழமை நம்ம லைசென்ஸுக்கு ஊர்க்குழு ஓட்டு. ஞாபகம் இருக்கா?"

கேசிக்கு ஞாபகம் இருந்தது. ஆர்ச்சர் அவென்யூ வீட்டை விற்றுவிட்டு வந்து இந்தப் பழைய வங்கிக் கட்டடத்தை ஓட்டல் வைக்க எடுத்தவர்களுக்கு வேறு எதுதான் ஞாபகத்தில் நிற்கும்.

ரயில் நிலையத்திலிருந்து நூலகம்வரை இந்தத் தெருவில் இப்போது ஓட்டல் இல்லாத கட்டடம் குறைவு. சிப்பிக்கு ஒரு கடை, மெக்சிகோ கற்றாழைச் சாராயத்துக்கு ஒரு கடை, மாடியில் பானம் கலக்கிக் கொடுக்க ஒரு கடை, ஜப்பானிய ராமென் நூடுல்சுக்கு ஒன்று. முன்பு செருப்புக்கடையும் காப்பீட்டு ஆபீசும் இருந்த இடங்கள். ஐந்து மணி ரயிலில் இறங்குகிறவர்கள் வீட்டுக்குப் போகாமல் நேரே இங்கே வந்துவிடுகிறார்கள். எல்லாக் கடையும் பாரை வைத்துத்தான் பிழைக்கிறது. சாப்பாடு மின்சாரக் கட்டணத்துக்குக் காணும், அவ்வளவுதான். மது உரிமம் கிடைக்காவிட்டால் வாண்டாவின் கடை திறந்த மூன்றாம் மாதம் கதவில் பலகை அடிக்க வேண்டியிருக்கும். ஊர்க்குழுவில் ஐந்து பேர். இரண்டு பேர் சரி என்கிறார்கள், இரண்டு பேர் இந்தத் தெருவுக்கு இனி ஒரு பாரும் ஆகாது என்கிறார்கள். ஐந்தாவது ஆள் லொரெய்ன் ஹெட்லண்ட். போன இரண்டு பாருக்கும் வேண்டாம் என்று கை தூக்கினவர்.

மகள் ரெனாட்டா அப்போதுதான் வந்தாள். நகரத்துக்குள் பெரிய ஓட்டல்களில் முன்கூடம் பார்த்துக்கொண்ட பெண். நடந்ததைக் கேட்டுவிட்டு நேரே சந்துக்குப் போனாள், திரும்பி வரும்போது முகத்தில் ரத்தமே இல்லை.

"அப்பா, நாற்காலி முதுகுல பேர் எழுதியிருக்கு பாத்தீங்களா?"

"பாத்தேன். அழகா எழுதியிருக்காங்க."

"அந்தப் பச்சை நாடா நாற்காலில யார் பேர் இருக்குன்னு பாத்தீங்களா?"

கேசி கண்ணாடியை எடுத்து நெற்றியில் ஏற்றினான்.

"ஹெட்லண்ட்," என்றாள் ரெனாட்டா. "குப்பைத் தொட்டி மேல சாஞ்சு நிக்குது."

முன்பு பார்த்த கல்யாண மண்டபச் சமையலில் நானூறு பேர் காத்திருக்க அடுப்பு அணைந்துபோன நாளில்கூட வாண்டா இப்படிப் பயந்ததில்லை. அடுப்பை மறுபடி பற்றவைக்கலாம்.

"திருப்பிப் போடுங்க," என்றாள். "ஆபீசர் போன உடனே. ஒவ்வொண்ணா."

"வாண்டா, சட்டம்..."

"உன் சட்டத்தை ஆர்ச்சர் அவென்யூலயே விட்டுட்டு வந்திருக்கணும். வீட்ட வித்தோம்ல, அதையும் சேத்து வித்திருக்கலாம்."

தீயணைப்பு அதிகாரி வந்தார். கதவுகளைத் திறந்து மூடிப் பார்த்தார், அடுப்புக்கு மேலே இருந்த புகைக்கூண்டைத் தட்டிப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். போகும்போது வாசலைப் பார்த்து, "நாற்காலி எல்லாம் எங்க போச்சு? வருஷா வருஷம் என் தங்கச்சி இங்கதான் போடுவா," என்றார். மூவரும் எதையோ தேடுவதுபோல் உள்ளே போய்விட்டார்கள்.

மதியத்துக்குள் நாற்காலிகள் திரும்பி வந்துவிட்டன. எப்படி வந்தன என்பதுதான் பிரச்சினை. எது எங்கே இருந்தது என்று கேசிக்குத் தெரியாது, ரெனாட்டாவுக்கும் தெரியாது. நிறம் பார்த்து, உயரம் பார்த்து, சின்னது முன்னால் பெரியது பின்னால் என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை நிறுத்துகிற மாதிரி நிறுத்தினார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. காப்பிக்கடைப் பெண் வெளியே வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஐயோ," என்று மட்டும் சொல்லி உள்ளே போனாள்.

முதலில் வந்தவர் மிதிவண்டிச் சட்டை போட்ட பல் மருத்துவர். அவர் நாற்காலி அவருடைய முன்னாள் மனைவியின் நாற்காலிக்கு ஒட்டினாற்போல் இருந்தது. அவர் கத்தவில்லை. ஹாலம் கிரோவில் யாரும் கத்துவதில்லை, அதற்குப் பதில் கைப்பேசியை எடுப்பார்கள். அவரும் படம் எடுத்தார். அரை மணிக்குள் அந்தப் படம் ஊர் முழுக்கச் சுற்றிவிட்டது. அதன் கீழே ஊர்க்காரர்கள் எழுதியதை ரெனாட்டா ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினாள். "இவங்க நம்மளப் பத்தி என்ன எழுதியிருக்காங்கன்னு கேளுங்க. 'புதுசா வந்தவங்க, இன்னும் கதவே திறக்கல, அதுக்குள்ள தெரு அவங்களுதுன்னு நினைப்பு.' இதுக்கு எத்தனை பேர் கட்டை விரல் தூக்கியிருக்காங்க தெரியுமா?"

"அணைச்சு வை," என்றாள் வாண்டா.

அவள் கைக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். மாவை உருட்டித் தேய்த்தாள், குவளையைக் கவிழ்த்து வட்டம் வட்டமாக வெட்டினாள், உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் பிசைந்த பூரணத்தை நடுவில் வைத்து விளிம்பை விரலால் கிள்ளிக் கிள்ளி மூடினாள். பிரோகி என்றால் போலந்து வம்சத்துக்காரர்களான அவர்களுக்குக் கொழுக்கட்டை மாதிரி, எந்தக் கவலைக்கும் செய்யலாம். திங்கட்கிழமை ஊர்க்குழுவுக்கு ருசி காட்ட என்று வைத்திருந்த பூரணம் முழுவதையும் மாலைக்குள் முடித்துவிட்டாள். தட்டுக்கு மேல் தட்டாக மாவு தூவி அடுக்கிய பிறகுதான், இத்தனையை யார் சாப்பிடப் போகிறார்கள் என்று யோசித்தாள்.

லொரெய்ன் ஹெட்லண்ட் நான்கு மணி வெயிலில் வந்தார். எழுபதைத் தாண்டிய, நெடுநெடுவென்ற அம்மாள். வெள்ளைத் தொப்பி, வெள்ளைக் காலணி. வாசலில் நின்று நாற்காலிகளைச் சாவகாசமாகப் பார்த்தார். தன்னுடையதைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அது கடைசி வரிசையில் தபால்பெட்டிக்குப் பின்னால் இருந்தது.

வாண்டா ஈரக் கையோடு ஓடினாள். "மேடம், தப்பு எங்களோடதுதான். நானே வந்து..."

"யாரு எடுத்தது?"

"நான்," என்றான் கேசி. கதவுச் சட்டத்தை அடைத்துக்கொண்டு நின்றான். "ஆபீசர் வரார்னு எடுத்தேன். ஆனா அவர் வரலைன்னாலும் எடுத்திருப்பேன். பொய் சொல்லமாட்டேன்."

வாண்டா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏன்?" என்றார் லொரெய்ன்.

கேசி சொன்னான். பனி, மண்வாரி, முதுகு, உடைந்த நாற்காலி, எல்லாவற்றையும் நீதிமன்றத்தில் நிற்பவன் மாதிரி வரிசையாகச் சொன்னான். அந்த அம்மாள் முழுவதையும் கேட்டார்.

"நான் முப்பத்தஞ்சு வருஷமா அந்த நடு இடத்துல உக்காரறேன்," என்றார் கடைசியில். "ஒரு வருஷம்கூடப் பனி வாரினதில்ல. அது உண்மைதான்." பிறகு வாண்டாவைப் பார்த்தார். "ஆறு மணிக்கு எல்லாரையும் வரச் சொல்றேன். அவங்கவங்க இடத்த அவங்கவங்க வந்து பாத்துக்கட்டும். உங்களால முடியாது."

ஆறு மணிக்கு ஊரே வந்தது. ரயிலிலிருந்து கழுத்துப்பட்டையோடு வந்தவர்கள், தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்தவர்கள், ஐஸ் பெட்டியில் பீர் வைத்து இழுத்துக்கொண்டு வந்தவர்கள். அடுத்த ஒரு மணி நேரம் அந்த மூலையில் நடந்ததை வாண்டா தன் கல்யாண மண்டப நாட்களில்கூடப் பார்த்ததில்லை.

"எங்களது தூணுக்கு இந்தப் பக்கம்."

"அந்தப் பக்கம். போன வருஷம் உங்க குடை என் கண்ணைக் குத்தப் பார்த்தது, மறந்துட்டீங்களா?"

"போன வருஷம் நீங்க வரவே இல்லையே. உங்க நாற்காலி மட்டும்தான் வந்தது."

"அதுக்கு முந்தின வருஷம்?"

"அப்பவும் நாற்காலிதான். மூணு வருஷமா உங்க நாற்காலி கூடத்தான் நான் ஊர்வலம் பாக்கறேன். நல்ல துணை, ஒண்ணும் பேசாது."

கேசி இதைக் கேட்டுத் தோளை நிமிர்த்தினான். வாண்டா அவன் விலாவில் முழங்கையால் ஒரு இடி இடித்தாள். ஆனால் கூட்டத்திலிருந்து ஒரு கிழவர், குட்டைக் கால்சட்டையும் நீளக் காலுறையும் போட்டவர், கேசியிடம் மெல்ல வந்தார். "ஆர்ச்சர்ல எங்க?"

"பழைய ரொட்டிக்கடைக்குப் பின்னால."

"நான் அதே ஏரியா, புலாஸ்கி ரோடு பக்கம். இங்க வந்து நாப்பது வருஷம் ஆச்சு." குரலைத் தாழ்த்தினார். "நீங்க சொன்னது சரி. பனி இல்லாம நாற்காலி இல்ல. இங்க யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

அப்போதுதான் மேற்கே வானம் கத்தரிக்காய் நிறத்துக்கு மாறியது. பகல் முழுக்கப் புழுங்கினதற்கெல்லாம் சேர்த்துக் காற்று வந்தது. முதலில் குடை ஒன்று பறந்தது, பிறகு தவளை நாற்காலி உருண்டது, பிறகு பொட்டுப் பொட்டாக மழை, அடுத்த நிமிஷம் சரியான கொட்டு. கூட்டம் ஒதுங்க இடம் தேடித் தடுமாறியது. வாண்டா கதவை அகலத் திறந்து பிடித்தாள்.

"உள்ள வாங்க. எல்லாரும் வாங்க. ரெனாட்டா, அடுப்ப ஏத்து."

"அம்மா, நாம இன்னும் திறக்கல."

"மழைக்குத் தெரியுமா அது?"

கேசி கதவில் நின்றுகொண்டு ஒவ்வொருவர் கையையும் பார்த்தான். பீர் டப்பாவோடு வந்தவரை மறித்தான். "இது வெளிய. லைசென்ஸ் இல்ல."

"நாங்களே கொண்டு வந்தது."

"நீங்க கொண்டு வந்தாலும் கதவு என்னோடது. திங்கக்கிழமைக்கு அப்புறம் வாங்க, நானே ஊத்தறேன்."

ஐஸ் பெட்டிகள் எல்லாம் மழையில் நனைந்துகொண்டு வெளியே நின்றன. லொரெய்ன் ஹெட்லண்ட் தொப்பியை உதறியபடி அதைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தார்.

பெரிய பானையில் தண்ணீர் கொதித்தது. பிரோகிகள் அடியில் போய், பிறகு ஒவ்வொன்றாக மேலே மிதந்து வந்தன. வாண்டா அவற்றை அரித்தெடுத்து வெண்ணெயில் பொரித்தாள், பொன்னிறமாக வறுத்த வெங்காயத்தைத் தூவினாள். ரெனாட்டா புளிக்கவைத்த முட்டைக்கோஸைச் சூடு செய்தாள். கில்பாசா தொத்திறைச்சி கல்லில் சீறியது. அந்த வாசனை கூடத்துக்குப் போனதும் பேச்சு ஒரு கணம் நின்றது, வாண்டாவுக்கு அது போதுமாக இருந்தது. கேசி தட்டுகளை எடுத்துப் போய்க் கொடுத்தான்.

யார் எங்கே உட்காருவது என்று யாரும் கேட்கவில்லை. ஈரத்தோடு வந்தவர்கள் கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார்கள். நடுவில் கிடந்த நீள மேசை முதலில் நிறைந்தது. பல் மருத்துவர் ஒரு கோடியில், அவர் முன்னாள் மனைவி மறு கோடியில். நடுவில் புலாஸ்கிக்காரர், இரண்டு சின்னப் பிள்ளைகள், அப்புறம் லொரெய்ன். புலாஸ்கிக்காரர் அவரிடம் புளிப்பு கிரீமைத் தள்ளி ஏதோ சொன்னார். அந்த அம்மாள் சிரித்தது சமையலறைவரை கேட்டது.

மழை விட்டு எல்லோரும் கிளம்பிய பிறகும் லொரெய்ன் போகவில்லை. தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"இந்த நீள மேசை எதுக்கு?"

வாண்டா வாயைத் திறப்பதற்குள் ரெனாட்டா முந்திக்கொண்டாள். "பெரிய குழுக்களுக்கு மேடம். பிறந்த நாள், ஆபீஸ் விருந்து. முன்கூட்டியே பதிவு செஞ்சா வச்சிருப்போம். மத்த மேசைக்கும் அப்படித்தான், கைப்பேசியிலயே இடம் எடுத்துக்கலாம்."

"ஓகோ," என்றார் லொரெய்ன். தட்டை வைத்துவிட்டு, "நல்லா இருந்தது," என்று சொல்லிப் போய்விட்டார். அந்த 'ஓகோ' வாண்டாவின் காதில் ரொம்ப நேரம் உறுத்தியது.

மேசைப் பதிவு பற்றி வீட்டுக்குள் நடந்த சண்டை அன்று தொடங்கியதல்ல. கடைக்கு இடம் பார்த்த நாளிலிருந்தே கேசிக்கும் ரெனாட்டாவுக்கும் இதே வழக்குதான். பதிவு இல்லாமல் இந்தத் தெருவில் யாரும் வரமாட்டார்கள் என்பாள் அவள். ஆள் வராத மேசையில் பதிவுச் சீட்டு வைத்துவிட்டு, வந்தவனைத் திருப்பி அனுப்புகிறவன் ஓட்டல்காரனே இல்லை என்பான் அவன். நீங்க இருபது வருஷம் ஊத்தினது சாராயக்கடைல, இது ஓட்டல் என்பாள். அதில் ஒருத்தன்கூட உக்கார இடம் கிடைக்காம வீட்டுக்குப் போகல என்பான். வாண்டா நடுவில் மாவு பிசைந்துகொண்டு இரண்டு பக்கமும் தலையாட்டி வந்தாள். உரிமத்துக்கு மனுப் போட்டவள் அவள், பெயர் அவளுடையது. ஆனால் இந்த வழக்கில் மட்டும் தீர்ப்பு சொல்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள்.

வெள்ளிக்கிழமை ஊர்வலம் போயிற்று. தீயணைப்பு வண்டி, பள்ளிக்கூட வாத்தியக் குழு, மிட்டாய் வீசுகிற வங்கிக்காரர்கள். வாண்டா சன்னலுக்குள்ளிருந்து பார்த்தாள். நாற்காலிகளில் சில காலியாகவே இருந்தன.

திங்கட்கிழமை மாலை ஊர்க்குழு கூடியது. குளிரூட்டி அதிகமாக வைத்த கூடம். ரெனாட்டா மனுவை விளக்கினாள். கடை எத்தனை மணிக்கு மூடும், சத்தம் எப்படிக் கட்டுப்படும், எல்லாம் தெளிவாகச் சொன்னாள். வேண்டாம் என்கிற இருவரும் நாற்காலி விவகாரத்தை எடுத்துக்கொண்டார்கள். இந்தத் தெருவின் வழக்கத்தை மதிக்காதவர்கள் கையில் பாரைக் கொடுப்பதா என்று ஒருவர் கேட்டார். கேசி எழுந்திருக்கப் பார்த்தான். வாண்டா அவன் தொடையில் கை வைத்து அழுத்தினாள்.

லொரெய்ன் ஹெட்லண்ட் கடைசியில் பேசினார். "எனக்கு நாற்காலி பத்திக் கேள்வி இல்ல. மனுதாரர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

வாண்டா எழுந்து ஒலிவாங்கிக்கு முன்னால் போனாள்.

"நான் என் வீட்டுலேர்ந்து இந்தத் தெருவுக்கு நடந்தே வரேன்," என்றார் லொரெய்ன். "தினமும் சாயங்காலம் வரேன். என் கணவர் போனதுக்கப்புறம் ஒரு நாளும் தவறல. ஒவ்வொரு புதுக் கடை சன்னல்லயும் பாக்கறேன். அழகா விளக்குப் போட்டிருக்காங்க. உள்ள போனா, பதிவு இருக்கான்னு கேக்கறாங்க. எத்தனை பேருன்னு கேக்கறாங்க. ஒருத்திதான்னா முகம் மாறுது. காலி மேசை கண்ணுக்கு முன்னால இருக்கு, மேல ஒரு சீட்டு இருக்கு. யாரோ எட்டு மணிக்கு வருவாங்களாம். நான் வீட்டுக்குப் போய் ரொட்டி வாட்டித் தின்னுட்டுப் படுத்துக்கறேன்." அவர் குரல் அசையவே இல்லை, வானிலை சொல்கிற மாதிரி சொன்னார். "உங்க கடைக்கு நான் ஒருத்தியா, சொல்லாம கொள்ளாம வந்தா, எனக்கு ஒரு நாற்காலி எடுத்து வச்சிருப்பீங்களா?"

ரெனாட்டா பின்னாலிருந்து கிசுகிசுத்தாள். "சரின்னு சொல்லும்மா. எப்பவும் வச்சிருப்போம்னு சொல்லு."

சொல்வது சுலபம். ஒரு நாற்காலி, அதில் ஒரு பெயர், அவ்வளவில் உரிமம் கைக்கு வந்துவிடும். வாண்டாவுக்கு அந்த மழை நாள் நினைவு வந்தது. நீள மேசையில் அந்த அம்மாள் யாரோ ஒருவரோடு சிரித்த சத்தம். அந்த நாற்காலியை அவருக்கு யாரும் எடுத்து வைக்கவில்லை.

"இல்ல மேடம்," என்றாள் வாண்டா. "எடுத்து வைக்கமாட்டேன்."

பின்னால் ரெனாட்டா மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது.

"உங்களுக்கு எடுத்து வச்சா, உங்களுக்கு முன்னால வந்து நிக்கற இன்னொரு ஒத்த ஆள நான் திருப்பி அனுப்பணும். அத நான் செய்யமாட்டேன். என் கடையில எந்த மேசைலயும் சீட்டு இருக்காது. யார் பேரும் இருக்காது. நீங்க வரும்போது காலியா இருந்தா அது உங்க இடம். இல்லேன்னா பார் பக்கமா நிக்கணும். குடிக்கணும்னு இல்ல, சும்மா நில்லுங்க. என் புருஷன் பேச்சுக் குடுப்பார், அதுக்கு நான் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கறேன். யாராவது எந்திரிச்சதும் நீங்க உக்காரலாம்."

யாரோ சிரித்தார்கள். லொரெய்ன் சிரிக்கவில்லை. தன் முன்னால் இருந்த தண்ணீரை எடுத்துக் கொஞ்சம் குடித்தார்.

"எவ்வளவு நேரம் நிக்கணும்?"

"தெரியாது. சிலர் மெதுவா சாப்பிடுவாங்க. எந்திரிங்கன்னு நான் சொல்லமாட்டேன்."

"சரி," என்றார் லொரெய்ன். "என் ஓட்டு இவங்களுக்கு."

வெளியே வந்ததும் ரெனாட்டா சுவரில் சாய்ந்து அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள், பிறகு கைப்பேசியை எடுத்து மேசைப் பதிவுக்குப் பேசி வைத்திருந்த கம்பெனிக்கு வேண்டாம் என்று சொல்ல வேண்டுமே என்று புலம்பினாள். கேசி பேண்ட் பைக்குள் கையை விட்டபடி வாண்டாவின் பக்கத்திலேயே நடந்தான். அவன் முகத்தில் ஒரு கல்யாண வீட்டுக் களை.

"அப்ப நான் சொன்னது சரின்னு ஒத்துக்கற."

"நீ சொன்னது சரின்னு நான் எங்க சொன்னேன்? என் கடையில இப்படின்னு சொன்னேன். நாற்காலிய எடுத்தது தப்பு தப்புதான்."

"இல்ல, ஆனா சட்டம்..."

"நட கேசி."

பத்து நாள் கழித்துக் கடை திறந்தார்கள். முதல் மாலையே கூட்டம் வாசல்வரை நின்றது. வாண்டா சமையலறைச் சன்னல் வழியாக எட்டி எட்டிப் பார்த்தாள். இரண்டு பேர் பெயர் எழுதிக்கொள்ளமாட்டீர்களா என்று கோபித்துக்கொண்டு சிப்பிக் கடைக்குப் போனார்கள், அது கொஞ்சம் வலித்தது. ஏழு மணி வாக்கில் வெள்ளைத் தொப்பி உள்ளே வந்தது. ஒரு நாற்காலியும் காலி இல்லை. லொரெய்ன் ஹெட்லண்ட் நீள மேசையைப் பார்த்தார், சன்னலோர மேசைகளைப் பார்த்தார், பிறகு பார் கோடியில் இருந்த இடுக்குக்குள் தன்னை நுழைத்துக்கொண்டு நின்றார். கேசி எலுமிச்சை பிழிந்த சோடாவை அவர் முன்னால் வைத்தான். பக்கத்தில் ரயிலிலிருந்து இறங்கி நேரே வந்த ஒரு ஆள், கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு, எட்டி ஏதோ கேட்டார். அந்த அம்மாள் பதில் சொன்னார். அப்புறம் அந்த ஆள் கைகளை விரித்து எதையோ விவரிக்கத் தொடங்கினார், இந்தப் பக்கம் நின்ற ஒரு பெண்ணும் பேச்சுக்குள் வந்தாள்.

வாண்டா இரண்டு தட்டு பிரோகி பொரித்து அனுப்பிவிட்டு மறுபடி பார்த்தபோது நீள மேசையில் ஒருவர் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார். அவள் கையைக்கூடத் துடைக்காமல் வெளியே வந்தாள்.

"மேடம், இடம் காலியாச்சு. வாங்க, உக்காருங்க."

லொரெய்ன் அந்த நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். கதவருகே கைக்குழந்தையோடு நின்றுகொண்டிருந்த ஒருத்தியையும் பார்த்தார்.

"அவங்களுக்குக் குடுங்க," என்றார். "இவர் கதை இன்னும் முடியல."